சாக்கடை டாக்டரின் மூக்கு வேட்டை

பாலக்காட்டுப் பக்கத்தில் சாக்கடையைக் கண்டதும் மூக்கைப் பொத்தாமல் முகம் மலர்ந்த ஒரே மனிதர் எங்கள் சாக்கடை டாக்டர்தான். எழுபதுகளில் கொல்லங்கோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் அவருக்குக் கீழே நான் டெக்னீஷியன். அவருடைய நிஜப் பெயர் அவர் வீட்டுக்காரம்மாவுக்கே மறந்திருக்கும்.

சாக்கடைத் தண்ணீரை வடிகட்டி, அதிலிருந்து ஃபேஜ் என்ற வைரஸைப் பிரித்தெடுப்பது அவருடைய பைத்தியம். மனிதனை அது ஒன்றும் செய்யாது, பாக்டீரியாவைத்தான் கொல்லும். மூக்கில் சத்தமில்லாமல் குடியிருந்து, புண் கிடைத்தால் சீழ் வைக்கிற ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி அவருக்கு ஜன்ம விரோதி.

“எப்படிங்க கொல்லுது?” என்று யாராவது கேட்டுவிட்டால் தொலைந்தார்கள்.

“விருந்தாளியாட்டம் ஊட்டுக்குள்ள பூந்து அடுப்படியப் புடிச்சுக்கும்ங்க. அங்கயே தன்னையாட்டம் நூறு பேரச் செஞ்சு எறக்கும். பொறகு ஊட்டையே ஒடச்சுட்டு அத்தன பேரும் அடுத்த ஊட்டுக்குப் போயிருவாங்க. ஆனா ஒண்ணுங்க, ஒவ்வொரு ஃபேஜுக்கும் புடிச்ச ஊடு தனி. மத்த ஊட்டுல கால் வெக்காது.”

எதிரில் இருப்பவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் விடமாட்டார்.

பொள்ளாச்சிச் சந்தைச் சாக்கடைக்கு ஈடு இணை இல்லை என்பது அவர் கட்சி. ஒருமுறை அங்கிருந்து பாட்டிலோடு பஸ்ஸில் வந்தவரை எல்லைச் செக்போஸ்டில் இறக்கிவிட்டார்கள். “சாக்கடைத் தண்ணிங்க” என்றார். போலீஸ்காரர் சாராயம் என்றே முடிவு கட்டி, மூடியைத் திறந்து ஆழமாக மோந்து பார்த்தார். அப்புறம் பஸ் கிளம்பும்வரை அந்தப் போலீஸ்காரர் பெஞ்சை விட்டு எழவில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரு நிஜமான வேலை வந்தது. ஆபரேஷன் ஆனவர்களுக்கெல்லாம் வரிசையாகத் தையலில் சீழ் வைத்தது. கட்டுப் போடும் அறை ஆயா பழனியம்மாவின் கையில் ஒரு கட்டி இருந்தது. அது போதாதா?

“அந்தம்மாதானுங்க பரப்புது. இந்த மாசத்தோட நிறுத்திரலாம்” என்றார் மேனேஜர். புருஷன் இல்லாத பழனியம்மா வீட்டில் அந்தச் சம்பளத்தில்தான் உலை கொதித்தது.

“பொறுங்க. கிருமி யாரு மூக்குல இருந்து வந்துதுன்னு ஃபேஜக் கேட்டுச் சொல்றேன்” என்றார் டாக்டர். மேனேஜர் முதல் சமையல்காரர் வரை எல்லார் மூக்கையும் பஞ்சுக் குச்சியால் குடைந்தார்; பழனியம்மாவின் கட்டிச் சீழிலும் ஒரு குச்சி. ஆஸ்பத்திரியே தும்மியது.

ஒவ்வொருவர் கிருமியையும் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அதன்மேல் விதவிதமான ஃபேஜ்களைச் சொட்டுச் சொட்டாக வைத்தோம். தனக்குப் பிடித்த கிருமி கிடைத்த இடத்தில் ஃபேஜ் அதைத் தின்று ஓட்டை போடும். நோயாளியின் சீழ்த் தட்டில் விழுந்த ஓட்டைகள் யார் தட்டில் அப்படியே விழுகின்றனவோ, அவர்தான் ஆள். பழனியம்மாவின் இரண்டு தட்டுகளுமே ஒத்துப்போகவில்லை. மேனேஜர் தட்டும் ஒத்துப்போகவில்லை; இதில் டாக்டருக்குக் கொஞ்சம் வருத்தம்.

“உங்க மூக்கு பாக்கி இருக்குதுங்க, டாக்டர்” என்றேன்.

ஏதாவது புதுக் கிருமி கிடைக்காதா என்ற நப்பாசையில், ஆபரேஷன் ஆனவர்களின் கட்டுகளையெல்லாம் பிரித்துப் பார்ப்பது அவர் வழக்கம். பிரிக்கும் முன் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி. மூடும் முன் அதே விரலால் இன்னொரு சிட்டிகை.

அவர் மூக்கையும் குடைந்து வளர்த்த தட்டையும் சீழ்த் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அச்சு அசல். டாக்டர் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு தட்டோடு நேராக மேனேஜர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

“நான்தானுங்க” என்றார்.

மேனேஜர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். “வெளிய தெரிஞ்சா உங்க பேரு என்னாகுறதுங்க? ஆயாவே போகட்டும்.”

“எம் பேரு போனா, சாக்கடை டாக்டர்னு இன்னொண்ணு இருக்குதுங்க. அந்தம்மாளுக்கு இந்த வேலைய உட்டா வேற என்னங்க இருக்குது?”

பொடி டப்பா அன்றே குப்பைக்குப் போனது. மூக்கு சுத்தமாகும்வரை வார்டுக்குள் நுழைவதில்லை என்று தனக்குத் தானே உத்தரவு போட்டுக்கொண்டார். அவர் மூக்கில் களிம்பு தடவும் வேலையைப் பழனியம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள். “அசையாதீங்க” என்று அவள் அதட்ட, டாக்டர் அண்ணாந்து உட்கார்ந்திருப்பார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய டாக்டர்களிடம் வேலை பார்த்துவிட்டேன். தன் மூக்கைத் தானே காட்டிக்கொடுத்தவர் அவர் ஒருவர்தான். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.