சிசிலிக் கிழவிக்குப் பாடம் எடுத்தவர்

திருத்தர் என்றோர் இனம் உண்டு, தெரியுமா? தெரியாமல் எங்கே போவீர்கள்! நீங்கள் பாதி வசனம் பேசி முடிப்பதற்குள் குறுக்கே விழுந்து, "அப்படிச் சொல்லக் கூடாது" என்று உங்கள் வயிற்றெரிச்சலைக் கிளப்பும் இனம். அக்குறணைக் கடைப் பெயர்ப் பலகைகளைப் பார்த்துப் பெருமூச்சு விடும். மரண வீட்டுக்குப் போனால், கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் ஒற்றுப் பிழை பிடித்து, அதைச் செத்தவரின் மகனுக்குக் காட்டிவிட்டுத்தான் துக்கமே விசாரிக்கும்.

இந்த இனத்தின் தலைமகன் எங்கள் இராஜரத்தினம் மாஸ்டர். மிலானில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு வந்து, கட்டுகஸ்தோட்டையில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இத்தாலியன் படிப்பிக்கிறார். கடைசி வாங்கில் நானும் இருக்கிறேன். இத்தாலியன் என்ன இலேசா? "போனேன்" என்று சொல்லிவிட்டுச் சும்மா போக முடியாது ஐயா! "இரு" என்ற வினையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சாப்பிட்டால் துணைக்கு "வைத்திரு" வரும். போனவள் பெண் என்றால் சொல்லின் வாலையும் மாற்ற வேண்டும். பிழை விட்டால் மூன்று தரம் திருப்பிச் சொல்ல வேண்டும். அது வகுப்பின் சட்டம்.

நிஷாந்தி புசல்லாவையிலிருந்து இரண்டு பஸ் ஏறி வருகிறவள். சிசிலித் தீவில் ஒரு கிழவியைப் பராமரிக்க ஆள் தேடினார்கள். கிழவிக்குப் பிடித்துவிட்டால் விசாவுக்குக் கடிதம் வரும். இப்படி ஒரு வேலைக்காகத்தான் பிள்ளை இரண்டு வருடம் படித்தாள். வீட்டில் சிக்னல் இல்லையென்று வகுப்பிலிருந்தே வீடியோ கோல் எடுத்தாள்.

கிழவிக்கு அவளைக் கண்டதுமே பிடித்துவிட்டது. நேற்றுச் சேர்ச்சுக்குப் போன கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். ஆனால் அந்த ஊர்ப் பேச்சில் போனாலும் வந்தாலும் "வைத்திரு"தான் துணை. பெண் போனாலும் வால் அசையாது. மாஸ்டருக்குப் பொறுக்குமா? போனுக்கு முன்னால் தலையை நீட்டிவிட்டார்.

"சேர், வேணாம் சேர்! அவங்க ஊர்ல அப்படித்தான் பேசுவாங்க!"

"சும்மா இரும் பிள்ளை. பிழையெண்டால் ஆர் விட்டாலும் பிழைதான்."

கிழவியை மூன்று தரம் சொல்லச் சொன்னார். எண்பத்தாறு வயதுக் கிழவியை! அவள் ஒரு தரமும் சொல்லவில்லை, கோலைத் துண்டித்தாள். மறுநாள் கிழவியின் மகளிடமிருந்து செய்தி வந்தது: அம்மாவுக்கு அவமானமாகிவிட்டது, வேறு ஆள் பார்த்துவிட்டோம்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. நிஷாந்தி வகுப்பில் தேம்பிக்கொண்டே, மாஸ்டருக்கு உறைக்கட்டும் என்றோ என்னவோ, இத்தாலியனிலேயே சொன்னாள்: "வேலை போய்விட்டது." மாஸ்டரின் கண்ணும் கலங்கியது. தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினார்.

"ஓம் பிள்ளை, எனக்கும் கவலைதான். ஆனா போறதுக்கு 'வைத்திரு' வராது. எங்கை, மூண்டு தரம் சொல்லும் பாப்பம்."

என்ன மனிதர் இவர் என்று திட்டுகிறீர்களா? நன்றாகத் திட்டுங்கள். ஆனால் அந்தப் பிள்ளை அழுதுகொண்டு சொன்னபோது, எந்தத் துணையைப் போட்டிருப்பாள் என்று ஒரு கணம் யோசித்தீர்களே, மாஸ்டருக்குப் பக்கத்தில் உங்களுக்கும் ஒரு கதிரை காலியாகத்தான் இருக்கிறது.