கிள்ளிப்பாரு

"கிள்ளிப்பாருன்னு சொன்னா கிள்ளிப் பாக்கறதா?"ன்னு நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு தாசம்மாள் மாமி கையை எடுத்துட்டாங்க.

எனக்கு வந்த நரம்பு வியாதிக்குப் பேரு கில்லன் பாரி. எனக்க அம்மா வாயில அது கிள்ளிப்பாரு ஆயிப்போச்சு. வாறவங்க எல்லாம் "ஷீனாவுக்கு என்ன தீனம்?"னு கேப்பாங்க. அம்மா "கிள்ளிப்பாரு"ம்பா. அவங்களும் என் காலைக் கிள்ளிப் பாப்பாங்க.

"நோவுதா மக்ளே?"

"நோவுது!"

"அப்போ நரம்புக்கு உயிரு இருக்கு. எதிர்ப்பு சக்திதான் போதாது. ஆட்டுக்கால் சூப்பு குடு தங்கபாய். காலுக்குக் காலு"ன்னு மாமி அம்மாவைப் பாத்து சொன்னாங்க.

"மாமி, எனக்க எதிர்ப்பு சக்திதான் எனக்க நரம்பையே கடிச்சிருக்கு. டாக்டர் சொன்னாரு. அதுக்குப் போயி தீனி போடணுமா?"

அம்மா யோசிச்சா. "பசிச்சிருக்கும் பிள்ளே. வயிறு நிறைஞ்சா நரம்பை விட்ரும்."

அன்னைக்கே அப்பா சாலைக் கம்போளச் சந்தையில இருந்து ஆட்டுக்காலோட வந்தாரு.

மீன்கறி, முட்டை, பயறு எல்லாம் நான் நல்லாத்தான் தின்னேன். ஆனா அந்த சூப்பு! உப்பு இல்ல, மிளகு இல்ல.

"பத்தியம்"னா அம்மா.

"குடிக்க மாட்டேன்."

"அப்போ ஜிஷா கூட நட."

ஜிஷா சேச்சி எனக்கு எக்சர்சைஸ் சொல்லித் தர வாறவங்க. ஆஸ்பத்திரியில முதல்ல எழும்பி நின்னப்போ வார்டே பாக்க மடங்கி விழுந்தேன். இனி ஒருத்தர் முன்னாலயும் நடக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். பயம்னு சொல்லல. ராத்திரியானா, காலு இப்படியே இருந்துருமோன்னு உறக்கமே வராது.

சூப்பைக் கட்டில் பக்கத்து ஜன்னல் வழியா கொட்டினேன். எறும்பு வந்துச்சு. "காத்து ஆகாது"ன்னு அம்மா கட்டிலை எதிர்ச் சுவத்துக்குத் தள்ளிட்டா.

நான் விடுவேனா? அம்மா டிவி சீரியல் பாக்கற நேரம் சுவத்தைப் பிடிச்சுப் பிடிச்சு ஜன்னலுக்குப் போனேன். காலு நடுங்குச்சு. விழுந்தாலும் பரவாயில்ல, குடிக்க மாட்டேன்.

"கொசு வருது"ன்னு ஜன்னலுக்கு ஆணி அடிச்சாச்சு. கிண்ணத்தை நாற்காலியில வச்சு, நாற்காலியைத் தள்ளிக்கிட்டே அடுக்களைக்குப் போயி சிங்க்ல ஊத்தினேன்.

மறுநாள் அடுக்களைக்குப் பூட்டு.

இன்னைக்கு ரெண்டு கையிலயும் கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டு, முற்றம் தாண்டி வாழை மரத்து மூட்டுல நிக்கேன். திரும்பினா அம்மா. கூட ஜிஷா சேச்சி.

அம்மா அழுதா.

"நீ அழுதாலும் குடிக்க மாட்டேன்!"னேன்.

ஜிஷா சேச்சி அம்மா தோளைத் தட்டினாங்க.

"தங்கபாய் சேச்சி, உப்பு போடாததுக்கே வாழைமூடு வரைக்கும் வந்துட்டா. நாளைக்குப் பாவக்காயும் அரைச்சு விடுங்க, பஸ் ஸ்டாப் வரைக்கும் போவா."