ஆர்கிரிஸின் குளிர்கால விருந்தாளி

வெள்ளிக்கிழமையும் தீவுக்குக் கப்பல் வரவில்லை.

ஞாயிறன்று கடலுக்கு அந்தப் பக்கம் பிரேயஸ் நகரத் தேவாலயத்தில் பேரனுக்கு ஞானஸ்நானம். காப்பிக்கடை ஆர்கிரிஸ் போய் நின்றால் பிள்ளைக்கு ஆர்கிரிஸ் என்று பெயர். நிற்காவிட்டால் சம்பந்தி பாந்தஸிஸ் தன் பெயரை வைத்துவிடுவார். மகன் வாயில்லாப் பூச்சி.

கடலைக் குறை சொல்லவும் வழியில்லை. ஜனவரி நடுவில் வழக்கமாக வரும் வெயில் நாட்கள். தண்ணீர் எண்ணெய்போல் அசையாமல் கிடந்தது. திங்கட்கிழமை இரவு அடித்த காற்றில் தொலைபேசிக் கோபுரம் சாய்ந்துவிட்டதால் யாரிடமும் விசாரிக்கவும் முடியவில்லை.

இதற்கு நடுவில் ஒரு விருந்தாளி வேறு. திங்கட்கிழமை கப்பல் வந்துபோன பிறகு துறைமுகத்தில் தனியாக நின்ற வெளிநாட்டுக்காரன். பெட்டி இல்லை, கிரேக்க மொழியும் தெரியவில்லை. போகிற கப்பலைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தான்.

கடலை ரசிக்கிறான் என்று ஆர்கிரிஸ் முடிவுகட்டினார்.

குளிர்காலத்தில் நம்பி வந்தவனைப் பட்டினி போட்டால் தீவுக்கே கேவலம். மாடி அறையைத் திறந்துவிட்டார். அவன் ஜன்னல் வழியே கடலைக் காட்டிக் காட்டி என்னவோ சொன்னான். கடல் இன்னும் நன்றாகத் தெரியும் அறைக்கு மாற்றினார். அவன் காகிதத்தில் ஒரு கப்பலை வரைந்து நீட்டினான். அதைக் கடைச் சுவரில் ஒட்டினார். சீட்டாட வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். அவன் தலையிலடித்துக்கொண்டான்.

"தன்னடக்கம்," என்றார் ஆர்கிரிஸ்.

"ஏங்க, அவன் நகமெல்லாம் கரியா இருக்கே?" என்று கேட்டாள் மனைவி பொலிக்ஸேனி.

"ஓவியன்னா அப்படித்தான். சாயம்."

அவன் துறைமுகத்துக்கு ஓடும்போதெல்லாம், குளிரில் விறைத்துப்போவான் என்று கையைப் பிடித்து அழைத்துவந்து பீன்ஸ் சூப்பும் சாராயமும் கொடுத்தார். வேண்டாம் என்றால் சங்கோஜப்படுகிறான் என்று இரண்டாவது கிண்ணம் ஊற்றினார்.

வெள்ளி மதியம் மீனவன் ஸ்திராதிஸ் பக்கத்துத் தீவுக்குப் படகை எடுத்தான். ஒரே ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. அங்கே போனால் வேறு கப்பல் ஏதாவது கிடைக்கும். ஆர்கிரிஸ் பையோடு ஓடினார். அவருக்கு முன்னால் விருந்தாளி படகுக்குள் குதித்துவிட்டான்.

ஜனவரிக் கடல் எப்போது புத்தி மாறும் என்று சொல்ல முடியாது. விருந்துக்கு வந்தவன் மூழ்கினால் பழி யாருக்கு? ஆர்கிரிஸ் இரண்டு பேர் உதவியோடு அவனைத் தூக்கிக் கரையில் போட்டார். திமிறுகிறவனை மனைவியிடம் விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. படகு போய்விட்டது.

"பேரு போனாப் போகுது. விருந்தாளிய எப்படி விட்டுட்டுப் போறது?"

"சரிதான். நாளைக்குப் பேரன் பாந்தஸிஸ் வந்து ஏன் தாத்தா வரலன்னு கேட்டா, சுவத்துல இருக்கிற படத்தைக் காட்டுங்க," என்றாள் பொலிக்ஸேனி.



சனிக்கிழமை காலை ஸ்திராதிஸின் படகு திரும்பியது. திங்கட்கிழமை வந்துபோன கப்பலின் சமையல்காரர் அதிலிருந்து குதித்து ஓடிவந்து விருந்தாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆர்கிரிஸ் அவர் சட்டையைப் பிடித்தார்.

"கடல் இப்படிக் கெடக்கு. கப்பல எங்கய்யா ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"பக்கத்துத் தீவுலதான் நிக்குது," என்றார் சமையல்காரர். "அங்க போய் நிறுத்தின எஞ்சின மறுபடி கெளப்பத்தான் ஆளில்ல. சிகரெட் வாங்கிட்டு வந்துடறேன்னு எறங்கின எங்க எஞ்சின்காரர, நீங்கதான் இத்தனை நாளா சூப்பு ஊத்தி உக்கார வச்சிருக்கீங்களாமே."