அப்பா காற்றில் போன கதை

என் மரியாதைக்கும் இப்போதைய அவசரத்துக்கும் உரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் போர்வைக்குள் டார்ச் பிடித்துக்கொண்டு எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். நான் மட்டும் நாளை காலை வரை நலம். அத்தையையும் உங்கள் அச்சு இயந்திரத்தையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

அப்பாவின் புதுப் பல் ஆஸ்பத்திரிக்கு, அவர் சிரிக்கும் படத்தோடு நீங்கள் அச்சடித்து பஸ்ஸில் அனுப்பிய பேனர் பத்திரமாக வந்து சேர்ந்தது. அதை வாங்கி நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லித்தான் அப்பா என்னை அனுப்பினார். காலையில் சைக்கிளிலிருந்து விழுந்த என் முழங்காலில், சின்னப் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுக்கவென்று அவர் செய்யச் சொல்லி வாங்கிய பல் படம் போட்ட மஞ்சள் பிளாஸ்திரியைக்கூட ஒட்டிவிட்டார். அப்படிப்பட்ட அப்பாவை நான் ஏரிக்குக் கொண்டுபோய்விட்டேன் மாமா.

காரணம் காற்று. இந்தக் கோடையில் இப்படி ஒரு காற்று அடிக்கவே இல்லை. என் தோழிகள் நெட்டையும் குண்டூசியும் நீங்கள் எனக்குக் கொடுத்த, பாய் கட்டி ஓட்டும் விண்ட்சர்ஃபிங் பலகையை ஏரிக்கரையில் இறக்கிவைத்துக் காத்திருந்தார்கள். ஏரிப் பக்கம் தலைவைத்தால் அந்தப் பலகையை அறுத்து அலமாரித் தட்டு அடித்துவிடுவேன் என்று அப்பா சொல்லியிருப்பது உங்களுக்கும் தெரியும். ஒரே ஒரு சுற்று என்றுதான் போனேன், முதல் வீச்சிலேயே பாய் மேலிருந்து கீழே வரை கிழிந்தது, நான் அழுதேன், குண்டூசி என் பையிலிருந்த பேனரைப் பார்த்தாள். “ஏய், இதுல ஓரத்துல வளையமெல்லாம் இருக்குடி!” என்றாள். நீங்கள் ஏன் மாமா அவ்வளவு உறுதியாக வளையம் அடித்தீர்கள்? கயிறு கோத்ததும் அப்பா கம்பத்தில் கச்சிதமாக நின்றுவிட்டார்.

“உங்கப்பா சிரிக்கறதை நான் இன்னைக்குத்தான்டி பாக்கறேன்” என்று நெட்டை சொல்லி முடிப்பதற்குள் நான் பாதி ஏரியில் இருந்தேன். திருப்பத் தெரியும், ஆனால் அப்பா திரும்பவில்லை, வீட்டிலும் அவர் அப்படித்தான். அக்கரை பெரிதாகிக்கொண்டே வந்தது, கை மரத்துப்போனது, அம்மா என்று கத்தினேன், முன்னால் பல்லெல்லாம் தெரிய அப்பா, கீழே கொட்டை எழுத்தில் அவர் போன் நம்பர். அப்புறம் தலைகீழாகத் தண்ணீர். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன், சத்தியம். படகுக்காரர் ஒருவர் என் காலரைப் பிடித்துத் தூக்கினார், பலகையையும் இழுத்துக்கொண்டார். “பாப்பா, உன்கூட ஒருத்தர் சிரிச்சிக்கிட்டே வந்தாரே, அவர் எங்க?” என்றார். கயிறு அறுந்து அப்பா அக்கரைப் பக்கம் பறந்துவிட்டார்.

பலகை இப்போது நெட்டை வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. விஷயம் அதோடு முடியவில்லை. “பேனர் எங்க?” என்று அப்பா கேட்டபோது வாய் தானாக, “மாமா அனுப்பவே இல்லப்பா” என்று சொல்லிவிட்டது. “உன் தம்பிய நம்பி ஒரு காரியம் ஆகுமா?” என்று அப்பா குதிக்க, “என் தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க, அவனுக்கு என்ன கஷ்டமோ” என்று அம்மா மூக்கைச் சிந்த, சாப்பாட்டு மேஜையில் நீங்கள் பட்ட பாட்டை என்னால் எழுத முடியாது. மன்னிச்சிருங்க மாமா. ப்ளீஸ். அப்பா கேட்டால் மிஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடுங்கள். நாளை சாயங்காலம் திறப்பு. அதற்குள் அதே மாதிரி இன்னொரு அப்பாவை அடித்து அனுப்பிவிடுங்கள். என் போன் அம்மா தலையணைக்கு அடியில் இருப்பதால்தான் கடிதம். விடியும்போது ஜன்னல் வழியாக நெட்டையிடம் போடுவேன், அவள் அப்பா ஓட்டும் முதல் பஸ்ஸில் உங்களிடம் வரும்.

அத்தைக்கு என் அன்பு. உங்களுக்கு ஆயுசு முழுக்கப் பல்வலியே வராமல் இருக்கட்டும்.

உங்கள் மேல் பழி போட்டாலும் பாசம் குறையாத,
மருமகள்

பின்குறிப்பு: மாமா, இப்போது ஹாலில் போன் அடித்தது. அக்கரை டீக்கடைக்காரர். பேனர் அவர் கடைக் கூரையில் வந்து விழுந்ததாம், அவர் மனைவிக்குப் பல்வலியாம், நாளைக்கே அழைத்து வரலாமா என்று கேட்டிருக்கிறார். அப்பா அம்மாவை எழுப்பி, “உன் தம்பி கெட்டிக்காரன்டி! எனக்குத் தெரியாம ஏரியிலயே விளம்பரம் பண்ணியிருக்கான்!” என்கிறார். பேனர் ஏரியில் வந்தபோது எடுத்த போட்டோவையும் டீக்கடைக்காரர் அனுப்பியிருக்கிறாராம். பேனர் மறைத்ததில் என் முகம் தெரியவில்லை போல. “யார் வீட்டுப் பொண்ணோ, என்னமா நிக்குது பாரு! இரு, பெருசு பண்ணிக் காட்டறேன்” என்றார்.

“இதென்ன, மஞ்சளா…” என்று இழுத்தார், அப்புறம் நாற்காலி நகர்ந்தது.

பேனர் வேண்டாம் மாமா. முதல் பஸ்ஸில் நீங்களே வந்துவிடுங்கள். செருப்புச் சத்தம் என் அறைப் பக்கம் வருகிறது. கதவுக்கு வெளியே நின்று மெதுவாகக் கேட்கிறார்:

“பாப்பா, தூங்கிட்டியா? முழங்கால் எப்படிம்மா இருக்கு?”