என் நாற்பத்தொரு மேக்ரோக்களும் உங்கள் மகளும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு வீட்டார் அனைவரும் நலம். என் மேக்ரோக்கள் மட்டும் நலமில்லை. அங்கு உங்கள் முழங்கால் வலியும் சம்பந்தியம்மாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எழுதும் காரணம் ஒன்றுதான்: உங்கள் மகளை, அதாவது என் மருமகளை, எங்கள் அலுவலகத்திலேயே வேறு பிரிவுக்கு மாறிக்கொள்ளும்படி நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கணினியின் அடித்தளத்தில் ஓடும் கெர்னலில் ஒரு கோப்பை இருபத்திரண்டு வருஷமாக நான் ஒருவனே காத்துவருகிறேன். என்னைக் கேட்காமல் அதில் ஒரு புள்ளிகூட நுழைந்ததில்லை. அதில் நாற்பத்தொரு மேக்ரோக்கள். மேக்ரோ என்றால், பெயரைச் சொன்ன இடத்திலேயே அதன் வரிகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஃபங்ஷன் என்றால், வேறெங்கோ இருக்கும் ஆளைக் கூப்பிட்டு வேலை வாங்குவது. கூப்பிடும் நேரம் மிச்சம் என்று மேக்ரோவாக எழுதித் தள்ளினேன், அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போன மாதம் சோதனை மேஜையில் இருந்த இயந்திரம், வரும் தகவல்களில் ஒன்றுவிட்டு ஒன்றை விழுங்க ஆரம்பித்தது. ஒயர் மேல் பழி போட்டேன், மாற்றினார்கள். போர்டு மேல் பழி போட்டேன், அதையும் மாற்றினார்கள். மின்சாரப் பிரிவு ஆளிடம் நான் கத்தியதில் அவர் இப்போது என்னோடு லிப்டில்கூட ஏறுவதில்லை. மூன்று வாரம் கழித்து உங்கள் மகள் கால்மணி நேரம் திரையைப் பார்த்துவிட்டு, என் காதருகே வந்து, "மாமா, ஒயர்ல ஒண்ணுமில்ல. உங்க 'எது பெரிசு' மேக்ரோலதான் கோளாறு" என்றாள். அந்த மேக்ரோவுக்குள் 'அடுத்த தகவலை எடு' என்று போன மாதம் எழுதிவைத்ததும் சாட்சாத் நான்தான்.

வீட்டில் என் மனைவியிடம் முறையிட்டேன். அவளோ, "அப்படி என்னம்மா தப்பு?" என்று மருமகளையே கேட்டாள். உடனே என் மாத்திரை டப்பா மேஜைக்கு வந்தது.

"அத்தை, டப்பாலேர்ந்து ஒரு மாத்திரை எடுங்க, என் கைல இருக்கறதோட ஒப்பிட்டு பெரிசைக் குடுங்கன்னு சொல்றேன். ஃபங்ஷன்னா எடுத்ததையே குடுக்கும். மேக்ரோ, 'எடு'ங்கறதை ரெண்டு இடத்துல எழுதிக்கும். ஒப்பிட ஒண்ணு எடுக்கும், குடுக்க இன்னொண்ணு எடுக்கும்."

"அப்போ மொதல்ல எடுத்தது?"

"போனது போனதுதான்."

"இதைத்தான் இவரு முப்பது வருஷமா எனக்குப் புரியாதுன்னாரா!"

எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் ஒன்றைத் தவிர அத்தனை மேக்ரோவையும் அவள் ஃபங்ஷனாக்கிவிட்டாள். வேகம் குறையுமே என்றேன். நாம் எழுதுவதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே சின்ன ஃபங்ஷன்களை அந்தந்த இடத்தில் விரித்துக்கொள்ளும் என்று சொல்லி, ஆயிரம் முறை அளந்து காட்டினாள், இம்மியும் குறையவில்லை. மாற்றத்தோடு அவள் எழுதிவைத்த குறிப்பில் என் மானம் போயிருக்கும் என்று பயந்து படித்தால், "இத்தனை வருடம் நன்றாக உழைத்த மேக்ரோ, புது வேலைக்கு ஃபங்ஷனே பொருந்தும்" என்று மட்டும் இருந்தது. கண் கலங்கிவிட்டது, சம்பந்தி. ஏசி காற்று என்று சமாளித்தேன்.

ஒன்றே ஒன்றில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "இந்த எச்சரிக்கை மேக்ரோவை விட்டுடும்மா. தப்பு எந்த வரியில நடந்துச்சோ, அங்கயே உக்காந்து அந்த நம்பரைச் சொல்றது இது. ஃபங்ஷனாக்கினா எல்லாத் தப்புக்கும் தன் விலாசத்தையே சொல்லும்" என்றேன். ஓட்டிப் பார்த்தாள். எழுந்து நின்று, பிரிவே திரும்பிப் பார்க்கும்படி, "மாமா சொன்னதுதான் சரி!" என்றாள். என் தப்பைக் காதில் சொன்னவள், என் சரியை ஊரைக் கூட்டிச் சொல்கிறாள். இப்படிப்பட்டவளோடு ஒரே பிரிவில் ஒரு மனிதன் எப்படி வீம்பாக இருக்க முடியும்? ஆகவே மேற்கண்டபடி எடுத்துச் சொல்லவும்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், சின்னவனுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
நாற்பதை இழந்து ஒன்றைக் காப்பாற்றிய
உங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மேலாளர் வந்து, உங்கள் மகளை வேறு பிரிவில் கேட்கிறார்கள் என்றார். கூடவே கூடாது என்று நான் போட்ட சத்தத்தில் அவர் வந்த வழியே போய்விட்டார். எனவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கள்; அவளிடம் மூச்சு விட வேண்டாம். கோப்பின் முதல் வரியில், காப்பாளர் என்ற இடத்தில், என் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போட்டு அவளுடைய ஒப்புதலுக்கே அனுப்பினேன். ஒரே ஒரு திருத்தத்தோடு திரும்பி வந்திருக்கிறது: அவள் பெயருக்கு மேலே என் பெயர்.