வயல் கொசு அறுபது

கூண்டின் வலையில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே ஒரு கொசுகூட இல்லை, எல்லாம் அறைக்குள் பறந்துகொண்டிருந்தன.

ஆய்வுக்கூட உதவியாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொந்தக்காரர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் கொசுக்காரி. வயல் வயலாக அலைந்து அவள் பிடித்துவந்த அறுபது கொசுக்கள் அவை. பூச்சிமருந்திலேயே வளர்ந்து, மருந்தை முறிக்கும் நொதி உடம்பில் ஏறிப்போனவை. ஊர்ச் சாக்கடைக் கொசு பொட்டென்று விழுகிற மருந்துக்கு இவை அசைந்துகொடுக்காது. இதுதான் அவளுடைய இரண்டு வருட அறிக்கை. அதைச் சரிபார்க்கப் பதினோரு மணிக்குத் தலைமை அதிகாரி வருகிறார். அவர் தலையாட்டினால் வேலை நிரந்தரம்.

இப்போது மணி பத்து.

"மருந்தடிச்சு விழ வெச்சிடலாமே" என்றாள் தரை துடைத்துக்கொண்டிருந்த துப்புரவு அக்கா.

"அடிச்சாலும் விழாதுன்னுதானேக்கா ரெண்டு வருஷமா எழுதிட்டிருக்கேன்."

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அடித்தாள். கொசுக்கள் சாவகாசமாக விளக்கைச் சுற்றின, இருமியது இவள்தான். மூச்சு முட்டி ஜன்னலைத் திறந்தாள். அறுபதும் வரிசையாக வெளியே போயின.

பத்தரை. கட்டடத்துக்குப் பின்னால் ஓடும் சாக்கடை நினைவுக்கு வந்தது. உறிஞ்சுகுழாயோடு ஓடி, சுவரில் ஒட்டியிருந்த கொசுக்களைப் பிடித்து வேறொரு கூண்டை நிரப்பினாள். 'வயல்' என்று சீட்டு ஒட்டினாள்.

"கூண்டைப் பாத்துட்டுப் போயிடுவாருக்கா. கேட்டா வயல் கொசுன்னு சொல்லுங்க."

"எனக்கென்னம்மா, எல்லாம் ஒரே மாதிரிதான் கடிக்குது."

அதிகாரி பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். கூண்டைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என் கண்ணு முன்னாடி ஒரு பரிசோதனை பண்ணிக் காட்டுங்க."

உள்ளே மருந்து தடவிய புட்டியில் இருபது கொசுக்களை விட்டாள். சாக்கடைக் கொசு அரை மணி தாங்காது. வேலை போயிற்று என்று கடிகாரத்தைப் பார்த்தாள்.

அரை மணி ஆயிற்று. ஒன்றும் விழவில்லை. ஒரு மணி ஆயிற்று. ஒரு கொசு காலைத் தேய்த்துக்கொண்டது, அவ்வளவுதான்.

"நொதிப் பரிசோதனையும் பண்ணுங்க."

கொசுக்களை அரைத்து, சோதனைத் திரவத்தைச் சொட்டினாள். நிறம் எவ்வளவு கருக்கிறதோ அவ்வளவு நொதி. மை கொட்டினாற்போல் கருத்தது. நிம்மதிப் பெருமூச்சு பாதியிலேயே நின்றுபோனது. இது எப்படி?

"அறிக்கையில போட்டதைவிட மூணு மடங்கு இருக்கே." அதிகாரி பேனாவைத் திறந்தார். "வயல்ல மருந்தடிக்கிறதையே நாளையிலேர்ந்து நிறுத்தச் சொல்லி எழுதிடறேன்."

வரப்பில் நிழல் பார்த்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த வயல்காரர்களின் முகங்கள் அவள் கண்ணில் வந்தன. பயிரைப் பூச்சிக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் எங்கே போவார்கள்?

"எழுதாதீங்க சார்" என்றாள். "வயல் கொசு தப்பிச்சிடுச்சு. இது நம்ம கட்டடத்துக்குப் பின்னாடி இருக்கிற சாக்கடையில பிடிச்சது. தப்பு என்னுதுதான்."

அதிகாரி அவளையே பார்த்தார். பிறகு புட்டியைப் பார்த்தார்.

"அது இருக்கட்டும். சாக்கடைக் கொசுவுக்கு இவ்வளவு மருந்து எங்கேர்ந்து கிடைச்சுது?"

துப்புரவு அக்கா துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு, பணிவாக முன்னால் வந்தாள்.

"நான்தாங்க ஊத்தறேன். கொசு ஒழியட்டுமேன்னு, இந்த லேப்ல மிஞ்சற மருந்தையெல்லாம் நாலு வருஷமா ஒரு சொட்டு வீணாக்காம அந்தச் சாக்கடையிலதான் விடறேன்."