குடும்ப அட்டை வழியாகப் பரலோகம்

பரலோகம் போகிறவர்களின் பட்டியலை இனிமேலாவது ஒழுங்காகப் பராமரிக்க வேண்டும் என்று எடப்பாடி மேட்டுத்தெரு ஜெபவீட்டின் செயற்குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. நியாயமான தீர்மானம்தான். அவ்வளவு தூரம் போன பிறகு பெயர் விட்டுப்போச்சு என்றால் யாரிடம் போய் முறையிடுவது?

பொறுப்பு சபைச் செயலாளர் குருமூர்த்தியிடம் ஒப்படைக்கப்பட்டது. முப்பத்திரண்டு வருஷம் தாலுகா ஆபீஸில் ரேஷன் கார்டுப் பிரிவில் இருந்துவிட்டுப் போன வருஷம்தான் ஓய்வு பெற்றவர். ஆளுக்குத்தான் ஓய்வு, பேனாவுக்கு இல்லை. ஒரே வாரத்தில் பரலோகப் பிரவேச விண்ணப்பம் தயாராகிவிட்டது. மூன்று பிரதி, வலது மூலையில் போட்டோ, இரட்சிக்கப்பட்ட தேதி, நேரம், சாட்சிகள் இருவர். சாட்சிகளில் ஒருவராவது உயிரோடிருக்க வேண்டும்.

படிவத்தை வாங்கிய நாளிலிருந்து செங்கோடனுக்குச் சோறு இறங்கவில்லை. அஞ்சு விசைத்தறி ஓட்டுகிற மனுசன். ஆறு வருஷம் முன்னால் பூலாம்பட்டி காவேரியில் முழுகி ஞானஸ்நானம் எடுத்தவர். அவருக்குப் பரலோகம் உறுதி. பயமே அதுதான். போன ஞாயிறு பிரசங்கத்தில் பாஸ்டர் முருகானந்தம், “ரெண்டு பேரு பக்கத்துப் பக்கத்துத் தறியில நிப்பாங்க. ஒருத்தர் எடுத்துக்கொள்ளப்படுவார், ஒருத்தர் கைவிடப்படுவார்” என்று முழங்கிவிட்டார். செங்கோடனுக்குப் பக்கத்துத் தறியில் நிற்பது அவர் சம்சாரம் அத்தாயி. அவள் மாரியம்மன் கட்சி.

“அத்தாயி, நா மேல போயிட்டா நீ என்ன புள்ள பண்ணுவே?”

“போயிட்டு வாங்க. சோத்த மூடி வெக்கறேன்.”

“போனா திரும்பி உட மாட்டாங்க புள்ள!”

“அப்பறம் எதுக்குங்க அந்தமாதிரி எடத்துக்குப் போறீங்க?”

பிரஷர் மாத்திரையிலிருந்து பனியன் வரைக்கும் எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும். அவள் இல்லாத இடத்தில் பொன்வீதியாவது மண்ணாவது! அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செங்கோடன் நேரே குருமூர்த்தியின் மேசைக்குப் போனார்.

“சார், என்ற சம்சாரத்தையும் சேத்து எழுதிக்கோணுங்க.”

“அம்மா விசுவாசியா?”

“கிறிஸ்துமஸுக்குத் தவறாம வருமுங்க.”

“அது விசுவாசம் இல்ல பிரதர், பிரியாணி.”

செங்கோடன் முகம் வாடியதைப் பாஸ்டரால் பார்க்க முடியவில்லை. “ஒருத்தர் விசுவாசிச்சா அவரோட வீட்டாருக்கும் இரட்சிப்பு உண்டுன்னு வேதத்துலயே இருக்குதுங்களே” என்றார்.

குருமூர்த்தி பேனாவை மூடினார். “வீட்டார்னா யாரு? வரையறை வேணும் பாஸ்டர். இல்லாட்டி நாளைக்குக் கொழுந்தியா, கொழுந்தியா ஊட்டுக்காரர்னு வரிசையா வந்து நிப்பாங்க.”

அங்கேயே தீர்மானம் நிறைவேறியது. ‘வீட்டார் எனப்படுவோர், குடும்பத் தலைவரும், அவரது நடைமுறையிலுள்ள குடும்ப அட்டையில் பெயர் கண்டோருமே ஆவர். தலைவர் விசுவாசித்தால் மற்றோரும் விசுவாசித்ததாகவே கருதப்படும்.’

அடடா! செங்கோடன் மொபெட்டை விரட்டி ஊட்டுக்குப் போய்க் கார்டோடு வந்து நின்றார். குருமூர்த்தி பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.

“சின்னாயி, வயசு தொண்ணூத்தாறு. யாரு இது?”

“எங்கம்மாங்க. தவறி எட்டு வருஷமாச்சு.”

“பேரை எடுக்கலையா?”

“அரிசி வருதுங்களே.”

“பரவாயில்ல. அட்டைப்படி உயிரோட இருக்காங்க. தகுதி உண்டு.”

பிறகு அட்டையைத் திருப்பினார். முன்பக்கத்திலிருந்து அத்தாயி முறைத்துக்கொண்டிருந்தாள்.

“குடும்பத் தலைவர் நீங்க இல்லையே?”

“பொம்பள பேர்ல இருந்தாத்தான் மாசம் ஆயிரம் வருமுன்னு ஊரே மாத்துச்சு, நானும் மாத்துனேன். நீங்கதானுங்க கையெழுத்துப் போட்டீங்க?”

“அது அரசுப் பணி. இது ஆவிக்குரிய பணி. நீங்க வெறும் உறுப்பினர், உறவுமுறை கணவர். தலைவி மாரியம்மன்ல இருக்கறதால, நீங்களும் அங்க இருக்கறதாத்தான் கருதப்படும்.”

“ஏனுங் சார், அப்ப ஆறு வருஷமா நா விசுவாசிச்சது?”

“அதிகார வரம்பை மீறி விசுவாசிச்சிருக்கீங்க.”

சபை கலகலத்துப் போயிற்று. ஆளாளுக்குக் கார்டை எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் பெண் தலைவிகள். விசுவாசமுள்ள சகோதரிகளின் புருஷன்மார், அந்த நேரத்தில் பாரில் உட்கார்ந்து ஆம்லெட் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், அத்தனை பேரும் தகுதி. முன்வரிசையில் கை தட்டிப் பாடிய ஆண்கள் பலர் தள்ளுபடி. குருமூர்த்தி நேர்மையான அதிகாரி. தன் கார்டையும் பார்த்தார். தலைவி, அவர் மனைவி கலைமணி. அவள் பக்கத்துத் தெரு சபை. பக்கத்துத் தெரு சபையார் யாரும் பரலோகம் போக மாட்டார்கள் என்பது மேட்டுத்தெருவில் எப்போதோ நிறைவேறிய தீர்மானம். எனவே தள்ளுபடிப் பட்டியலில் நாலாவதாகத் தன் பெயரைத் தன் கையாலேயே எழுதினார்.

“கார்டை மறுபடியும் ஆம்பளைங்க பேருக்கே மாத்திட்டாச் சரியாப்போச்சுங்களே?” என்றாள் பாட்டுக்குழு அன்புச்செல்வி.

“தாராளமா மாத்தலாம். ஆயிரம் நின்னுபோனா சபை பொறுப்பில்ல.”

வெளியே எடுத்த கார்டெல்லாம் பைக்குள் திரும்பிப் போயின. நித்திய ஜீவன் பெரிசுதான், ஆனால் அது மாசாமாசம் பதினஞ்சாம் தேதி வருவதில்லை.

செங்கோடன் ஊடு திரும்பியபோது முகமெல்லாம் பல். “அத்தாயி, நானும் போகலை புள்ள! ரெண்டு பேரும் ஒரே எடந்தான்!”

“அங்க வேற யாரெல்லாம் வாராங்க?”

அவர் பட்டியலைச் சொல்லிக்கொண்டே வந்தார். நாலாவது பெயருக்கு அத்தாயி தறியை நிறுத்தினாள்.

“யாரு, கார்டுல பேரு மாத்த எட்டு நடை நடக்க உட்டாரே, அந்தாளா? தீயில வேகோணும்னாக்கூட வெந்துக்கலாமுங்க. வேகறதுக்கு மனு எழுதி மூணு காப்பி எடுக்க என்னால ஆகாது. எந்திரிங்க, அந்த முழுகற தண்ணி எங்க இருக்குது?”

சேதி தறிச்சத்தத்தை மிஞ்சிக்கொண்டு பரவியது. அடுத்த ஞாயிறு பூலாம்பட்டி ஆற்றங்கரையில் நூற்றுப்பத்துப் பேர். ஜெபவீட்டு வாசலை மிதிக்காதவனெல்லாம் துண்டோடு நின்றான். குருமூர்த்தி இல்லாத ஊர் எதுவானாலும் சரி என்பதே அவர்களுடைய அசைக்க முடியாத விசுவாசம். இருபது வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் வராத எழுப்புதல் வந்துவிட்டதென்று பாஸ்டர் தேம்பினார். கரையில் குருமூர்த்தி டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அத்தாயி முழுகி எழுந்ததும் செங்கோடன் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். இனி யாராலும் பிரிக்க முடியாது. அவளுக்கு அடுத்து ஆற்றில் இறங்கினது கலைமணி.

“ஏம்மா, நீங்க அந்தச் சபையில ஏற்கெனவே எடுத்தவங்கதானே?” என்றார் பாஸ்டர்.

“எடுத்தேனுங்க. அவரு இல்லாத எடத்துக்குன்னா இன்னொருக்காக்கூட முழுகலாம்” என்றவள் முழுகி, சிரித்த முகமாக எழுந்தாள்.

கரையில் குருமூர்த்தி நிதானமாகத் தன் குடும்ப அட்டையை எடுத்துப் பார்த்தார். தள்ளுபடிப் பட்டியலில் நாலாவது பெயரை ஸ்கேல் வைத்து அடித்தார்.

“தலைவி விசுவாசிச்சுட்டதால உறுப்பினரும் தகுதி பெறுகிறார். யாரும் பதற வேண்டாம். வாசல்லயே ஒரு டேபிள் போட்டு உக்காந்திருப்பேன், எல்லாரும் நம்ம வழியாத்தான் உள்ள போகணும்.”

முழுகினவர்களும் துண்டோடு நின்றவர்களும் கையிலிருந்த டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அத்தாயிதான் ஈரச்சேலையோடு கரையேறிக் கேட்டாள்.

“ஏனுங்க சார், முழுகுனதைத் திருப்பிக்க முடியுங்களா?”

“முடியும்மா” என்றார் குருமூர்த்தி. “அதுக்குத் தனி ஃபாரம்.”